பாலம்பூர் போன பாதி பஸ்

சம்பந்தி சரின்னு சொன்னாத்தான் வண்டி கிளம்பும். அவரு வேண்டாம்னு தலையாட்டிட்டா நாலு பேரும் ரயில்லதான் போகணும். அன்னிக்குக் காலைல எங்க ஷெட்டுல அங்கமுத்து அண்ணன் அவ்வளவு பெரிய பெரிய சங்கதியா எடுத்து விட்டதுக்கு இதுதான் காரணம். மத்த நாள்ல அவரு சின்னதாத்தான் விடுவாரு.

எங்க ஷெட்டு கரூர் பைபாஸ் ஓரத்துல இருக்கு. பஸ்சுக்கு பாடி கட்டற ஷெட்டு. நான் இருதயராஜ். தகரம் வெட்டறது, வெல்டு வைக்கறது, பெயிண்ட் அடிக்கறது எல்லாம் நம்ம கைதான். அங்கமுத்து அண்ணன் ஒரு காலத்துல வேலாயுதம்பாளையம் ரூட்டுல சொந்த மினி பஸ் ஓட்டினவரு. பஸ்சுக்கு வயசாகி, முன்பாதிய மொத்தமா துரு தின்னுடுச்சு. பின்பாதி மட்டும் கல்லு மாதிரி நின்னுச்சு. அத வெட்டி எடுத்து, அடியில சக்கரம் வச்சு, முன்னால ஒரு கொக்கி போட்டு, ஜீப்புக்குப் பின்னால இழுத்துக்கிட்டுப் போற வீடா ஆக்கிக் குடுத்தது நாந்தான். உள்ள நாலு பேரு படுக்கலாம். கேஸ் அடுப்பு இருக்கு, தண்ணித் தொட்டி இருக்கு, மேல சோலார் தகடு இருக்கு. பஸ்சுல இருந்த 'புகை பிடிக்காதீர்' பலகையக்கூட அண்ணன் கழட்ட விடல.

அண்ணனோட மக மேகலா, மருமகனோட இமாச்சலத்துல பாலம்பூர்ங்கற ஊர்ல இருக்கா. அவரு அங்க தேயிலை ஆராய்ச்சில வேலை பாக்கறாரு. பேரனுக்கு சித்திரைல ஒரு வயசு முடியுது. ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் ஒரே வண்டில, வழியெல்லாம் சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு, பூத்த மரத்தையெல்லாம் பாத்துக்கிட்டுப் போகணும்னு அண்ணனுக்கு ஆசை.

ஆனா சம்பந்தி ரத்தினசபாபதி லேசுப்பட்ட ஆள் இல்ல. மோட்டார் வாகன ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஊர்ல பிரேக் இன்ஸ்பெக்டர்னு சொல்லுவோம். அவரு சர்வீஸ்ல இருந்தப்ப, அவர் நிழலப் பாத்தாலே வண்டிக்குக் காய்ச்சல் வரும். "நான் வந்து பாப்பேன். வண்டி பாஸ் ஆனா வர்றேன். பெயிலானா ரயிலு"ன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாரு. அவரு சம்சாரம் மயிலாத்தா அம்மாவுக்கு வண்டில போகணும்னு கொள்ளை ஆசை. பொட்டியோடயே வந்து இறங்கினாங்க. வந்த உடனே பொட்டிய வண்டிக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டு வந்துதான் தண்ணியே குடிச்சாங்க.

பங்குனி மாசம். ஷெட்டு வாசல் வேப்பமரம் பூத்துக் கொட்டி, டிரெய்லர் கூரையெல்லாம் பூவா கெடந்துச்சு. அங்கமுத்து அண்ணனோட சம்சாரம் பாவாயி அக்கா வண்டிப் படில உக்காந்து முருங்கைக் கீரை உருவிக்கிட்டிருந்தாங்க. எதுக்கும் வாயத் தொறக்கல.

ரத்தினசபாபதி ஐயா ஒரு சின்ன சுத்தியல், ஒரு டார்ச்சு, ஒரு சாக்பீஸ் எடுத்துக்கிட்டு வந்தாரு. நேரா இடது பக்கச் சக்கரத்துக்கிட்டப் போனாரு.

"இருதயராஜ், ஜாக்கி வை."

வச்சேன். அவரு கையால சக்கரத்த ஒரு சுத்து சுத்திவிட்டாரு. கர்ர்ர்னு ஒரு சத்தம்.

"பேரிங் கத்துது."

"கத்தலீங்க சம்பந்தி, கொட்டாவி விடுது"ன்னாரு அங்கமுத்து அண்ணன். "போன வருஷம் சுத்துன சுத்துக்கு இன்னும் அசதி தீரல அதுக்கு."

"என்ன சுத்து?"

அண்ணன் ஒரு காலி கிரீஸ் டப்பாவக் கவுத்துப் போட்டு உக்காந்தாரு. அவரு உக்காந்தாலே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"போன வருஷம் மாசில, பயணத்துக்கு முன்னால பேரிங்குக்கு கிரீஸ் வச்சேனுங்க. கடை கிரீஸ் இல்ல. வெளக்கெண்ணையும் பசுநெய்யும் சேத்துக் காய்ச்சி நானே பண்ணுனது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சரியா சுத்துதான்னு பாக்கலாம்னு சுண்டு விரல்ல இப்படி ஒரு தட்டுத் தட்டிட்டு சோறு உண்ணப் போனேன். உண்டுட்டு வந்து பாக்கறேன், சுத்துது. தூங்கி எந்திரிச்சு பாக்கறேன், சுத்துது. மறுநா விடியக்காலம் கோழி கூப்பிடுது, இது பாட்டுக்கு சுத்துது."

"ம்."

"சும்மா சுத்துதேன்னு எதிர் ஊட்டு அம்மிணி ஒரு பெல்ட்டு மாட்டி கிரைண்டர ஓட்டிக்கிச்சு. அதப் பாத்துட்டுப் பக்கத்து வீதித் தறிக்காரரு ஒரு பெல்ட்டு மாட்டுனாரு. அந்த வாரம் கரண்டு இல்லாம ஊரே இருட்டுல கெடக்குது, எங்க வீதில மட்டும் துண்டு நெய்யறாங்க, மாவு ஆட்டறாங்க, கல்யாண மண்டபத்துல பேன் ஓடுது. எல்லாம் இந்த இடது சக்கரந்தான். மாசி போயிப் பங்குனி பொறந்தும் நிக்கல."

"எப்படி நிறுத்தினீங்க?" ரத்தினசபாபதி ஐயா கேட்டாரு. நம்பிக் கேக்கல. நிறுத்தறது அவரு தொழிலு, அதனால கேட்டாரு.

"எங்க நிறுத்தறது? பயண நாள் வந்துருச்சு. ஜாக்கிய எறக்குனேன். சக்கரம் தரையத் தொட்டது, வண்டி கெளம்பிருச்சு! நானும் பாவாயியும் ஜீப்ப எடுத்துக்கிட்டுப் பின்னாலயே தொரத்தி, நாமக்கல்லுக்கு முன்னால ஓவர்டேக் பண்ணிக் கொக்கிய மாட்டுனோம். ஊரெல்லாம் ஜீப்பு டிரெய்லர இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சுது. உங்களுக்கு மட்டும் சொல்றேன் சம்பந்தி, டிரெய்லருதான் ஜீப்பத் தள்ளிக்கிட்டுப் போச்சு."

மயிலாத்தா அம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க. ரத்தினசபாபதி ஐயா முகத்துல ஒரு சுருக்கம் அசையல. சக்கரத்து மேல சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டாரு.

"பேரிங் மாத்து, இருதயராஜ்."

"சரிங்க."

அப்பறம் ஏணி வச்சுக் கூரை மேல ஏறுனாரு. வேப்பம்பூவக் கையால ஒதுக்கிட்டு, தகரமும் தகரமும் சேர்ற இடத்த நகத்தால சுரண்டிப் பாத்தாரு. போன வருஷம் பூசுன பசை பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு.

"ஒழுகும்"னு மேல இருந்தே சொன்னாரு. "ஒரு மழைக்குத் தாங்காது."

"அது வெடிச்சது மழையால இல்லீங்க"ன்னு அண்ணன் கீழ இருந்து அண்ணாந்து சொன்னாரு. "உள்ளிருந்து வந்த அழுத்தம்."

"என்ன அழுத்தம்?"

அண்ணன் கொரலத் தாழ்த்தி, படில இருக்கற பாவாயி அக்காவுக்குக் கேக்காத மாதிரி சொன்னாரு. அக்காவுக்கு நல்லாவே கேட்டுச்சு.

"நான் பூசுன பூச்சு அப்படி. எறும்போட மூச்சு உள்ள போகாது. கதவச் சாத்துனா உள்ள இருக்கற சத்தம் துளி வெளிய வராது. ஓசூர் தாண்டறப்பதான் பாவாயிக்கு ஞாபகம் வந்திருக்கு, நான் அருவாமனைய எடுத்து வைக்க மறந்துட்டேன்னு. இவ டிரெய்லருக்குள்ள இருக்கறா, நான் ஜீப்புல. அங்கயே ஆரம்பிச்சுட்டா திட்ட. எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு ஓட்டறேன். பெங்களூரு போச்சு, ஐதராபாத்து போச்சு, அதிலாபாத்து போச்சு. கண்ணாடில பாக்கறேன், டிரெய்லரு லேசாக் குண்டாத் தெரியுது. சரி, வெயிலுக்கு அப்படித் தெரியுதுன்னு விட்டுட்டேன்."

"அப்பறம்?" இது மயிலாத்தா அம்மா.

"நாக்பூரு பக்கத்துல ஒரு டோல்கேட்டுங்க. அங்க இருந்த தம்பி உள்ள யாரு இருக்கான்னு பாக்கணும்னு கதவத் தொறந்துட்டான், பாவம். அத்தன நேரத்துத் திட்டும் ஒரே மூச்சுல வெளிய வந்துச்சு பாருங்க! கடைசியாத் திட்டுனது மேல இருந்ததால அதிலாபாத்துத் திட்டு முதல்ல வந்துச்சு. அதுக்கு அடில ஐதராபாத்துத் திட்டு. அடியோட அடியா ஓசூர்த் திட்டு, நல்லா ஊறிப் போயி. அந்தத் தம்பிக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனா அர்த்தம் புரிஞ்சுது. ரெண்டு கையாலயும் கேட்டத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான். எனக்குப் பின்னால வந்த லாரி, பஸ்சு, மாட்டு வண்டி எல்லாம் போயி முடிஞ்சும் கைய எறக்கல."

"டோல்கேட்டுல மாட்டு வண்டி எங்க இருந்து வந்துச்சு?"

"பாருங்க, அவ்வளவு சொன்னதுல சம்பந்திக்கு சந்தேகம் மாட்டு வண்டி மேலதான்!"ன்னு அண்ணன் தொடையத் தட்டுனாரு.

ஐயா கூரை மேல குறி போட்டுட்டு இறங்குனாரு. நான் பழைய பசையச் சுரண்டறதுக்கு ஏறுனேன். மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியும். ரெண்டாவது குறி விழுந்ததும் மயிலாத்தா அம்மா மெதுவா எந்திரிச்சுப் போயி, வண்டிக்குள்ள வச்சிருந்த பொட்டிய வெளிய எடுத்துட்டு வந்து, அவங்க உக்காந்திருந்த ஸ்டூல் பக்கத்துல தரையில வச்சுக்கிட்டாங்க. அத அங்கமுத்து அண்ணன் பாத்துட்டாரு. மனுஷனுக்கு முகம் ஒரு நிமிஷம் வாடுச்சு. அப்பறம் இடுப்பு வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டாரு. அடுத்தது பெருசா வரப்போகுதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

ரத்தினசபாபதி ஐயா வலது பக்கச் சுவரத் தடவிக்கிட்டே நடந்தாரு. நடுவுல நின்னாரு. "இங்க தகரம் வெளிய புடைச்சிருக்கு. எங்கியோ மோதியிருக்கு. மறைக்காதீங்க."

"மோதுனா உள்ளதான சம்பந்தி குழி விழும்? இது வெளிய புடைச்சிருக்கு. நீங்களே யோசிங்க."

ஐயா யோசிச்சாரு. நியாயந்தான்.

"மாவுங்க"ன்னாரு அண்ணன்.

"என்ன மாவு?"

"இட்லி மாவு. ஆந்திரா தாண்டுனா இட்லி கெடைக்காதுன்னு பாவாயி ஒரு பெரிய டிரம் நிறைய ஆட்டி எடுத்து வச்சிருந்தா. நாக்பூருக்கு அக்கட்டால பங்குனி வெயிலு எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரோட்டுல நடந்துபோன எருமை, நடக்கும்போது எருமை, மரத்தடிக்கு வந்து சேரும்போது ஆட்டுக்குட்டி. அவ்வளவு வத்திருச்சு. அந்த வெயிலுக்கு மாவு பொங்குச்சு பாருங்க. டிரம் மூடியத் தள்ளிச்சு. படுக்கையத் தள்ளிச்சு. கூரையத் தொட்டுச்சு. வெளிய போக ஓட்டை இல்ல, நம்ம பூச்சு அப்படி. சுவரு நாலு பக்கமும் பூரி மாதிரி உப்புது!"

"நிறுத்துங்க"ன்னாரு ஐயா. சுத்தியல ஆட்டி ஆட்டிப் பேசுனாரு. "எறும்பு மூச்சு கூட உள்ள போகாதுன்னு இப்பத்தான் சொன்னீங்க. காத்தே போகாத எடத்துல மாவு எப்படிப் பொங்கும்?"

நான் கூரை மேல சுரண்டறத நிறுத்திட்டேன். இது நல்ல கேள்வி. அண்ணன் மாட்டிக்கிட்டாருன்னே நெனச்சேன்.

அண்ணன் கண்ணக்கூட சிமிட்டல. "காத்து எதுக்குங்க? ஓசூர்த் திட்டு கொஞ்சம் மூலைல தங்கியிருந்துச்சுல்ல? அந்தச் சூட்டுக்குப் பொங்கிருச்சு."

மயிலாத்தா அம்மாவால முடியல. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பாவாயி அக்கா ஒரு கீரைக் காம்ப ஒடிச்சுத் தூரமாப் போட்டாங்க. அவ்வளவுதான்.

"அப்படியே நர்மதை ஆத்துக்கு வந்துட்டோம். பாலத்துக்கு முன்னால லாரி வரிசை கண்ணுக்கெட்டுன தூரம். மேகலாவுக்கு எந்நேரமும் வலி வரலாம்னு மாப்பிள்ளை போன் பண்றாரு. தலைப்பிரசவம். நான் நிக்க முடியுங்களா? ஜீப்ப நேரா ஆத்துல எறக்கிட்டேன்."

"ஆத்துலயா?"

"ஆத்துலதான். டிரெய்லரு பலூன் மாதிரி உப்பியிருக்கு, முங்குமா? மெதக்குது. ஜீப்ப அது முதுகுல ஏத்திக் கட்டுனோம், பின் சக்கரம் மட்டும் தண்ணில தொங்கற மாதிரி. கியர் போட்டு மிதிச்சா பின் சக்கரம் துடுப்பு மாதிரி தண்ணியத் தள்ளுது. நடு ஆத்துல போறோம். மேல இருந்து வெயிலு, கீழ இருந்து ஆத்தோட ஆவி. என்னமோ வாசம் அடிக்குதேன்னு பாக்கறேன். இட்லி வெந்துக்கிட்டிருக்கு."

மயிலாத்தா அம்மா ஸ்டூல முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"அக்கரைக்குப் போயி கதவத் தொறந்தோம். பாதி பஸ் அளவுக்கு ஒரே இட்லி. பாலத்துல மாட்டிக்கிட்டு ஒரு கல்யாணக் கூட்டம் கரையில பசியோட நின்னுச்சு. மாப்பிள்ளை குதிரை மேல உக்காந்தபடியே தூங்கறாரு. கடப்பாறை போட்டு வெட்டிக் குடுத்தோம். கல்யாணக் கூட்டம் சாப்புட்டுது, லாரிக்காரங்க சாப்புட்டாங்க, குதிரை சாப்புட்டுது. அந்த இட்லியோட ஒரு பக்கத்துல 'புகை பிடிக்காதீர்'னு எழுத்து திருப்பிப் போட்ட மாதிரி அச்சா விழுந்திருக்கு. அந்தத் துண்டப் பொண்ணோட அப்பா சாப்பிடாம எடுத்து வச்சுக்கிட்டாரு. மாப்பிள்ளைக்கு பீடிப் பழக்கமாம்."

"சம்பந்தி"ன்னு மயிலாத்தா அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டே கேட்டாங்க. "அவ்வளவு பேருக்குச் சட்னிக்கு என்ன பண்ணீங்க?"

"கேட்டீங்களே, இது கேள்வி! ஆத்தங்கரைல கடலைக் காடு. காட்டுக்காரரே புடுங்கிக் குடுத்தாரு. பாறை மேல கொட்டி, ஜீப்ப எறக்கி ஒரு ரிவர்ஸ், ஒரு பார்வர்டு, மறுபடியும் ஒரு ரிவர்ஸ். நைசா அரைஞ்சிருச்சு. தாளிக்கறதுக்குத்தான் கஷ்டமாப் போச்சு, சைலன்சர் சூட்டுல கடுகு வெடிக்க நேரமாகுது."

ரத்தினசபாபதி ஐயா புடைச்ச தகரத்து மேல குறி போட சாக்பீஸத் தூக்குனாரு. ஒரு நிமிஷம் யோசிச்சாரு. குறி போடல. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. ஆனா அடுத்து முன் பக்கம் வந்து கொக்கியப் பாத்ததும் அவரு முகம் மாறிப்போச்சு.

கொக்கி வளைஞ்சிருந்துச்சு. சுத்தியலால தட்டுனாரு. கிணிங்னு வரவேண்டிய சத்தம் டொக்குனு வந்துச்சு. உள்ள விரிசல். எனக்கும் தெரியும், அதனாலதான் புதுசு ஒண்ணு செஞ்சு உள்ள வச்சிருந்தேன்.

"இது சிரிக்கற விஷயமில்ல"ன்னு ஐயா சொன்னாரு. கொரலு அதட்டல, அதான் பயமா இருந்துச்சு. "மலைப் பாதைல இது கழண்டா என்னாகும்னு தெரியுமா? எத்தன வண்டி பாத்திருக்கேன் நான். பள்ளத்துல இருந்து தூக்கினப்பறம்தான் என்னைக் கூப்பிடுவாங்க, வந்து பாருன்னு."

 அங்கமுத்து அண்ணன் தரைல இருந்த பொட்டியப் பாத்தாரு. அப்பறம் விட்டாரு பாருங்க.

"கழண்டுச்சுங்க சம்பந்தி. போன வருஷம் கழண்டுச்சு. பாலம்பூருக்குக் கடைசி மலை. எதிர்ல பனி மூடுன மலை, ரோட்டோரத்துல செவப்புச் செவப்பா ஒரு பூவு, மரமே தெரியல. அந்த அழகப் பாத்துக்கிட்டே ஒரு வளைவுல திரும்பறேன், டக்குனு ஒரு சத்தம். கண்ணாடில பாத்தா டிரெய்லரு இல்ல. நல்ல வேளை, பாவாயி அப்ப ஜீப்புல என் பக்கத்துல இருந்தா. டிரெய்லரு பின்னாலயே உருளுது. நான் வச்ச கிரீஸ்தான் தெரியுமே. பதான்கோட்டத் தாண்டிருச்சு. டெல்லிய பைபாஸ்ல தாண்டிருச்சு. நர்மதைப் பாலத்துல இப்ப வரிசை இல்ல, விருட்டுனு போயிருச்சு. தொப்பூர் கணவாய்ல எறங்கி நேரா இதோ, இந்த ஷெட்டு வாசல்ல, இந்த வேப்பமரத்துல முட்டி நின்னுச்சு. இருதயராஜ் பாத்தான். கொக்கிக்கு வெல்டு வச்சான். திருப்பி ஒரு தள்ளுத் தள்ளி விட்டான். நாங்க அங்க மலைல டீ வாங்கி, சூடு ஆறட்டும்னு ஊதிக்கிட்டிருக்கோம். வந்து ஜீப்புல டக்குனு மாட்டிக்கிச்சு."

ரத்தினசபாபதி ஐயா மெதுவாத் தலையத் தூக்கி என்னப் பாத்தாரு. மயிலாத்தா அம்மா பாத்தாங்க. அண்ணனும் பாத்தாரு, கண்ணுல ஒரு கெஞ்சலோட.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன். பொய் சொல்றது எனக்கு ஆகாது. ஆனா அந்தப் பொட்டி தரைல இருந்தது என்னால பாக்க முடியல.

"ஆமாங்கய்யா"ன்னேன். "அன்னிக்கு அவசரத்துல பெயிண்ட் அடிக்க நேரமில்லாமப் போச்சு. அதான் அந்த எடம் மட்டும் கருப்பா இருக்கு."

"இன்னும் நம்பலீன்னா கேளுங்க"ன்னு அண்ணன் எந்திரிச்சே நின்னுட்டாரு. "திரும்பி வந்த டிரெய்லரு கூரை மேல குமிச்சு வச்ச மாதிரி வேப்பம்பூ! பாலம்பூர்ல ஏதுங்க வேப்பமரம்? நெறமாசத்துல மேகலா வேப்பம்பூ ரசம் வேணும்னு கேட்டிருக்கா, மாப்பிள்ளை ஊரெல்லாம் தேடியிருக்காரு. அந்தப் பூவ அள்ளித்தான் ரசம் வச்சுக் குடுத்தோம். ஒரு டம்ளர் குடிச்சா, அடுத்த நாள் பேரன் பொறந்துட்டான். உங்க பேரன்!"

ஐயா கொக்கி மேல கைய வச்சபடி நின்னாரு. "என் பையன்கிட்ட நானே கேட்டேன்"ன்னாரு. "'மாமா எப்படி வந்தாருன்னு தெரியாதுப்பா, ஆபீஸ்ல இருந்து வந்து பாத்தா வாசல்ல பாதி பஸ் நின்னுச்சு'ன்னு சொன்னான். வண்டி அங்க இருந்தது நிஜம். ஆனா இந்த வண்டி ஓடி அங்க போகல. லாரில ஏத்திக்கிட்டுப் போயிருக்கீங்க." கொக்கி மேல பெரிய குறியா ஒண்ணு போட்டாரு. "பெயில்."

"ஐயா, புதுக் கொக்கி உள்ள தயாரா இருக்குங்க"ன்னு நான் ஏணில இருந்து எறங்கி வந்தேன். "பேரிங்கும் இருக்கு. கூரைக்கு இப்பவே பூசிடறேன். மத்தியானச் சோத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"அது இருக்கட்டும்"ன்னாங்க மயிலாத்தா அம்மா. எந்திரிச்சு வந்து அவரு முன்னால நின்னாங்க. சிரிப்பெல்லாம் போயிருந்துச்சு. "எல்லாத்தையும் சரி பண்ணிட்டா வருவீங்களா? இல்ல புதுசா ஒரு எடம் பாத்து இன்னொரு குறி போடுவீங்களா?"

அவரு கொக்கிய ஒரு தடவ திரும்பிப் பாத்தாரு.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கறேன். ஊட்டிக்குப் போகலாம்னா அந்த பஸ்சுக்கு டயர் சரியில்ல. திருச்செந்தூர் போகலாம்னா அந்த வேனுக்கு லைட்டு சரியில்ல. ஊரார் வண்டியெல்லாம் நிறுத்துனீங்க, சரி, அது உத்தியோகம். என்னையும் சேத்து நிறுத்திட்டீங்களே."

ரத்தினசபாபதி ஐயா சாக்பீஸ விரலால உருட்டிக்கிட்டே நின்னாரு. எத்தனையோ டிரைவருங்க அவரு முன்னால நின்ன மாதிரி இப்ப அவரு நின்னாரு. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. 

கடைசில ஐயா படிப் பக்கம் திரும்புனாரு.

"பாவாயி அம்மிணி. உங்களை எனக்குத் தெரியும். நீங்க சொன்னா நம்புவேன். மனசறிஞ்சு சொல்லுங்க. இவரு சொன்னதுல எது நெசம்?"

பாவாயி அக்கா மடில இருந்த கீரைத் தட்டக் கீழ வச்சாங்க. கைய உதறுனாங்க. எந்திரிச்சாங்க.

"ஒண்ணு கூட நெசமில்லீங்கண்ணா."

அங்கமுத்து அண்ணன் அப்படியே கிரீஸ் டப்பா மேல உக்காந்துட்டாரு. டப்பா நசுங்கிப் போச்சு. மயிலாத்தா அம்மா குனிஞ்சு பொட்டிக் கைப்பிடியப் புடிச்சாங்க.

"லாரில ஏத்துனீங்களா?"ன்னு ஐயா கேட்டாரு.

"லாரியெல்லாம் இல்லீங்க, ரோட்டுலதான் போச்சு. ஆனா இவருக்கு எப்படீங்க தெரியும்?"ன்னாங்க அக்கா, அமைதியா. "தொப்பூர் கணவாய் ஏறும்போது சித்த நேரம் படுக்கறேன்னு டிரெய்லருக்குள்ள போனவரு. பாலம்பூர்ல பேரன் பொறந்து அழுத சத்தத்துலதான் கண்ணு முழிச்சாரு. இட்லி, ஆறு, கல்யாணம் எல்லாம் இவரு கனவுல கண்டது. வண்டிய முச்சூடும் ஓட்டுனது நானு."

ஐயா அக்காவ மேலயும் கீழயும் பாத்தாரு. "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"எங்கீங்க தெரியும்? ஸ்டீரிங்கு தெரியும், ஹாரன் தெரியும். பிரேக்கு எதுன்னுதான் தெரியல. அதனால எங்கியும் நிக்காமயே போயிட்டோம். கடைசில இமயமலை குறுக்க நின்னுச்சு. அதுல முட்டித்தான் வண்டி நின்னுச்சு."

சொல்லிட்டு மறுபடி உக்காந்து, தட்ட மடில எடுத்து வச்சுக்கிட்டு, கீரைய உருவ ஆரம்பிச்சுட்டாங்க.

யாரும் சிரிக்கல. எல்லாரும் ரத்தினசபாபதி ஐயாவையே பாத்தோம். அவரு தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. தோளு மட்டும் லேசாக் குலுங்குச்சு. கோவமா என்னன்னு எனக்குத் தெரியல. அப்பறம் சாக்பீஸச் சட்டைப் பையில போட்டாரு. மயிலாத்தா அம்மா கையில இருந்த பொட்டிய வாங்குனாரு. வண்டிக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டு வெளிய வந்தாரு.

"கொக்கிய மாத்து, இருதயராஜ்"ன்னு சொல்லிட்டு, அங்கமுத்து அண்ணன் முன்னால கைய நீட்டுனாரு. "சாவியக் குடுங்க சம்பந்தி. பிரேக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது வண்டில இருக்க வேண்டாமா?"